முந்நூறு வெள்ளோடனும் ஒரு கடிதமும்

போன வாரம் நாற்றங்காலில் உங்களில் ஒருவர் மண்வெட்டியோடு போய் நின்று, “இந்தப் பாத்தியில எட்டு மாசமா ஒண்ணும் முளைக்கலையே, கொத்திட்டு வேற ஏதாவது போட்டுரலாமா?” என்று கேட்டாராம். மும்தாஜ் எனக்கு போன் செய்தாள். உங்களுக்கு அவள் மேடம், எனக்கு மும்தாஜ்தான். “சார், நீங்களே இவங்களுக்கு ஒரு தடவை எழுதிக் கொடுத்துருங்க. கத்திக் கத்தி எனக்குத் தொண்டை போச்சு” என்றாள். கேட்ட ஆள் யார் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால், ஓய்வுபெற்று உட்கார்ந்திருக்கிற மேலகரத்திலிருந்து பஸ் ஏறி நேரில் வந்து திட்ட வேண்டியிருக்கும். என் முழங்கால் அதற்குச் சம்மதிக்காது.

அந்தப் பாத்தியில் கிடப்பது வெள்ளோடன் விதை. வெளுத்த பட்டை, தடித்துப் பளபளக்கிற இலை, ஆனி ஆடிச் சாரல் நேரத்தில் கொத்துக் கொத்தாகச் சிவப்புப் பழம். வெளிநாட்டில் கிறிஸ்துமஸ் சமயம் வாசலில் கட்டித் தொங்கவிடுகிறார்களே ஹாலி, அதற்கு நம் மலையில் இருக்கிற சொந்தக்காரன். இதன் விதை முளைக்க இரண்டு மழைக்காலம் வேண்டும், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். பாத்தியின் தலைமாட்டில் பலகை நட்டு இதைக் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறோம். படிக்கத் தெரியாதவர்களை வேலைக்கு எடுக்கவில்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

சரி, கோபப்பட எனக்கு யோக்கியதை கிடையாது. இந்த நாற்றங்காலில் வெள்ளோடன் பாத்தியை முதன்முதலில் கொத்திப் போட்ட மகானுபாவன் நானேதான். நீங்கள் அடிக்கடி கேட்கிற இன்னொரு கேள்விக்கும் பதில் அதில்தான் இருக்கிறது. சரிவில் முந்நூறு மரம் வருசா வருசம் பூத்துக் கொட்டுகிறது, ஒன்றுகூடக் காய்ப்பதில்லை. நடுவில் கம்பிவலை கட்டி வைத்திருக்கிற ஐந்து மரம் மட்டும் காய்க்கிறது. அது என்ன கணக்கு என்று கேட்கிறீர்கள். கணக்கு எல்லாம் இல்லை. என் புத்திசாலித்தனம்தான்.

எஸ்டேட்காரர்கள் விட்டுப்போன மொட்டைச் சரிவை நாம் காடாக்க எடுத்துக்கொண்ட புதிதில், மேலே எஸ்டேட் பங்களா பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளோடனிலிருந்து ஒரு கூடை பழம் பறித்து வந்து விதை போட்டேன். வருசா வருசம் பழம் பிடிக்கிற மரமாக நமக்குத் தெரிந்து, நம் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது அந்த ஒன்றுதான். எட்டு மாதம் ஆயிற்று, பாத்தியில் பாசி மட்டும் படர்ந்தது. அந்த நேரம் பார்த்து, செலவுக்குப் பணம் கொடுக்கிற கம்பெனியிலிருந்து படம் எடுக்க வருகிறார்கள் என்று செய்தி வந்தது. வெறும் மண்ணைப் படம் எடுத்துக்கொண்டு போனால் அடுத்த வருசம் யார் கொடுப்பார்கள்? பாத்தியைக் கொத்தச் சொல்லித் தண்டங்கீரை விதைத்தேன். அவர்கள் வருவதற்குள் பச்சைப் பசேல் என்று நின்றது. வந்தவர் குனிந்து பார்த்து ரசித்து, இது என்ன மரம் என்று கேட்டார். தண்டங்கீரை என்றேன். தலையை ஆட்டிக்கொண்டே நோட்டில் எழுதிக்கொண்டார்.

விதை சரிப்படாது என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டு, கிளை வெட்டி நடுகிற வழிக்குப் போனேன். அதற்குத் தேர்ந்தெடுத்தது ஜீப் பாதை ஓரத்தில், இரண்டாவது வளைவில் நிற்கிற மரத்தை. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். அதில் கிளை தாழ்வாக இருந்தது. ஜீப்பை அங்கேயே நிறுத்தலாம். அந்த மரம் பூக்கிற அழகைப் பார்த்தால் இதைவிட நல்ல தாய்மரம் கிடைக்காது என்று தோன்றும். காய்த்து நான் பார்த்ததில்லைதான். ஜீப் கிளப்புகிற தூசி பூவில் படிந்து காய் பிடிக்காமல் போகிறது என்று எல்லாருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். யாரும் என்னை எதிர்த்துக் கேட்டதில்லை, அதுதான் எனக்குப் பிடித்த கெட்ட காலம்.

முந்நூறும் பிழைத்தது. முதிர்ந்த கிளையிலிருந்து வந்ததால் மூன்றாம் வருசமே பூத்தது. தேனீ வந்தது, படம் எடுக்க ஆள் வந்தது, எனக்குச் சால்வை வந்தது. கம்பெனிக்காரர் ஒருவர் ஹாலி படம் போட்ட கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் இலையாகப் பார்த்து, “இதுல முள் இருக்கு, உங்க மரத்துல முள்ளே இல்லையே, இது ஒரிஜினல்தானா?” என்று கேட்டார். குளிர் நாட்டுச் செடிக்கு முள் இருக்கும், நம்முடையதற்கு இருக்காது என்று அரைமணி நேரம் பாடம் எடுத்தேன். அந்த மரத்தைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்ற மிதப்பில் இருந்தேன்.

காய் மட்டும் வரவில்லை. “மரம் இளசு, அடுத்த வருசம் பாருங்க” என்றேன். அடுத்த வருசமும் அதையே சொன்னேன். அதற்கும் அடுத்த வருசம் வடகரையிலிருந்து மும்தாஜ் வேலைக்கு வந்து சேர்ந்தாள். தாவரவியல் படித்த பெண், அப்பா கல்ஃபில் இருந்தார். வந்த முதல் வாரமே, “சார், இதெல்லாம் ஒரே மரத்துல எடுத்ததா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். “அந்த மரம் காய்க்குமா சார்?” என்றாள். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. “ஏட்டி, நீ பொறக்கதுக்கு முன்னாடி இருந்தே நான் செடி வைக்கேன். போய் அந்தப் பையில மண்ணை ரொப்பு” என்று விரட்டிவிட்டேன். அவள் போய் மண்ணை நிரப்பினாள். அதற்குப் பிறகு என்னிடம் கேட்பதை நிறுத்திக்கொண்டாள்.

இப்போது விசயத்துக்கு வருகிறேன். மேலே எஸ்டேட் கைமாறி, புது முதலாளி சாரல் சீசனுக்கு வருகிற சுற்றுலாக் கூட்டத்துக்காகப் பங்களாவைச் சுற்றிக் குடில்கள் கட்ட ஆரம்பித்தார். ஒரு குடிலின் தூண் வர வேண்டிய இடத்தில் அந்தக் காய்க்கிற வெள்ளோடன் நின்றது. மற்ற அனுமதி எல்லாம் வாங்கிவிட்டார்கள். நமக்கும் எஸ்டேட்டுக்கும் ஒரு பழைய ஒப்பந்தம் இருந்தது. அதன்படி, இந்த மண்ணின் மரம் எதையும் நம் கையெழுத்து இல்லாமல் வெட்டக்கூடாது. எஸ்டேட் மேனேஜர் வந்து உட்கார்ந்தார். “அண்ணாச்சி, ஒரே ஒரு மரம். சாரல் தொடங்கதுக்குள்ள கூரை போட்டாகணும், முதலாளி உசிர வாங்குதாரு. நீங்கதான் முந்நூறு வச்சிருக்கியளே, இது ஒண்ணு போனா என்ன?” என்றார்.

அந்த முந்நூறு என்ற சொல் என் காதில் தேனாகப் பாய்ந்தது. உடனே எழுதிக் கொடுத்தேன். “இந்த இனத்தைச் சேர்ந்த முந்நூறு மரங்கள் எங்கள் பராமரிப்பில் நன்கு வளர்ந்துள்ளதால், மேற்படி மரத்தை அகற்றுவதில் ஆட்சேபனை இல்லை.” அந்த ‘நன்கு’ என்ற சொல்லை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சலாக வருகிறது. கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தினேன்.

மறுநாள் காலையில் எட்டரை மணிக்கு மும்தாஜ் என் மேசைக்கு வந்தாள். கையில் டிபன் டப்பா மூடி, அதில் ஈரத்துணி, துணிமேல் வெள்ளைப் பூக்கள். கூடவே லென்ஸ். நான் போட்டுக் கொடுத்த கடிதத்தைப் பற்றி அப்போதுதான் அலுவலகத்தில் கேள்விப்பட்டிருக்கிறாள். அவள் முகத்தில் கோபம் இருந்தது. குரலை மட்டும் அடக்கி வைத்திருந்தாள்.

“சார், நாப்பது மரத்துல எடுத்திருக்கேன். எதை வேணும்னாலும் பிரிச்சுப் பாருங்க. எல்லாத்துலயும் மகரந்தம் மட்டும்தான் இருக்கு. காய் ஆகப்போற அந்தப் பச்சைக் குடம் ஒண்ணுலயும் இல்ல. முந்நூறும் ஆணு சார்.”

“மரத்துல என்னம்மா ஆணு, பொண்ணு?” என்று நான் கேட்டேன் பாருங்கள், அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. பனங்காட்டுப் பக்கம் பிறந்து வளர்ந்தவன் நான். ஆண் பனை காய்க்காது என்று எங்கள் ஊரில் கைக்குழந்தைக்குத் தெரியும்.

“பனையில இருக்கு. பப்பாளியில இருக்கு. இந்த எஸ்டேட்காரங்க ஜாதிக்காய்த் தோட்டத்துல வருசா வருசம் ஆண் கன்னைப் பாத்துப் பாத்துப் பிடுங்கிப் போடுதாங்க. இதுல மட்டும் இருக்கக்கூடாதா சார்?” என்றாள். “நீங்க வெட்டச் சொன்ன மரம் ஒண்ணுதான் நமக்குத் தெரிஞ்ச பெண் மரம். அதுவும் போச்சுன்னா இந்தச் சரிவுல ஒரு பழம் விழாது. ஒரு கன்னு முளைக்காது. நாம வச்சது காடு இல்ல சார், வெறும் படம்தான்.”

லென்ஸை வாங்கிப் பார்த்தேன். ஒரு பூ, இரண்டு பூ, ஐந்து பூ. ஆறாவதைப் பிரிக்க எனக்குக் கை வரவில்லை. தூசியும் இல்லை, இளசும் இல்லை. இத்தனை வருசமாக அந்தப் பூவை நான் ஒரு தடவைகூடப் பிரித்துப் பார்த்ததில்லை.

மரம் அறுக்கச் சுடலைமுத்து என்பவர் விடியற்காலையிலேயே மேலே போய்விட்டார் என்று தெரிந்தது. மேலே போன் எடுக்காது. சிமெண்டும் சாமானும் ஏற்றிக்கொண்டு எஸ்டேட் ஜீப் அப்போதுதான் நம் வாசலில் வந்து நின்றது. ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு கிளம்பும், மேலே போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும். நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. ஓடிப்போய் ஜீப்பில் ஏறி உட்கார வேண்டும்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கடிதம் எழுத ஆரம்பித்தேன்.

எழுத்தில் கொடுத்ததை எழுத்தில்தான் ரத்து செய்ய வேண்டும் என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. நேற்று முத்திரை குத்திக் கொடுத்தவன் இன்று போய் நான் முட்டாள் என்று சொல்லாமல் தப்பிக்க ஏதாவது வாசகம் கிடைக்குமா என்று தேடினேன். முதல் தாளில், “சில தொழில்நுட்பக் காரணங்களை முன்னிட்டு” என்று தொடங்கினேன். என்ன காரணம் என்று கேட்பார்களே என்று கிழித்தேன். இரண்டாவதில், “மறு ஆய்வு நிலுவையில் உள்ளதால்” என்று எழுதினேன். எந்த ஆய்வு என்று தோன்றி அதையும் கிழித்தேன். மூன்றாவதில், “மேலிடத்து ஆலோசனையின்படி” என்று ஒரு சுத்தமான பொய். அதை எழுதும்போது மும்தாஜ் மேசைக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

“சார், ‘வெட்டாதீங்க’ன்னு மட்டும் எழுதுங்க சார்” என்றாள். அழுகிற நிலைமைக்கு வந்துவிட்டாள்.

வாசலில் ஜீப் ஹாரன் அடித்தது. டிரைவர் எட்டிப் பார்த்து, “அண்ணாச்சி, மீன் இருக்கு உள்ள. ஐஸு உருகிட்டுன்னா மேனேஜரு என்னைய உரிச்சிருவாரு” என்றார். “பொறுலே, பத்து நிமிசம்” என்றேன். பத்து நிமிடம் கழித்து மறுபடி ஹாரன். மறுபடி பத்து நிமிடம். நான்காவது தாளை முடித்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தபோது அரைமணி நேரம் ஓடிவிட்டது. நானும் மும்தாஜும் ஏறினோம். வழி நெடுக அந்தப் பெண் என் பக்கம் திரும்பவில்லை.

கடைசி வளைவு திரும்பும்போதே தெரிந்துவிட்டது. எப்போதும் மரத்தின் தலை தெரிகிற இடத்தில் வானம் தெரிந்தது. நான் இறங்கி நடந்து போவதற்குள் மும்தாஜ் ஓடிவிட்டாள். வெள்ளோடன் பாதைக்குக் குறுக்கே கிடந்தது. கிளை நிறைய மிளகு அளவுக்குப் பச்சைக் காய். ஒன்றும் முற்றவில்லை, விதைக்கு ஆகாது. மிஷின் வாள் பக்கத்தில் இருந்தது, தொட்டால் சுட்டது. “விழுந்து அரைமணி நேரம் இருக்கும் அண்ணாச்சி” என்றார் சுடலைமுத்து, நல்ல வேலை முடித்த திருப்தியோடு. நான் அந்த அடிக்கட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார விட்டால்தானே. “சார், கிளை இன்னும் வாடல. உங்களுக்குக் கிளை வெட்டி நடத் தெரியும்லா? எந்திரிங்க” என்றாள் மும்தாஜ். சார் என்றுதான் சொன்னாள், ஆனால் அது கட்டளை. எந்திரித்தேன். சித்திரை வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வெட்டிய கிளை அந்தச் சூட்டில் சாயங்காலம் வரை தாங்காது. டிரைவரிடம் மீன் பெட்டியைக் கேட்டேன். மீனைத் தூக்கி மேனேஜர் கையில் கொடுத்துவிட்டு ஐஸை வைத்துக்கொண்டோம். “அண்ணாச்சி, மதியச் சாப்பாட்டுக்கு முதலாளி வாராரு, மீனு கெட்டுப்போச்சுன்னா என்ன செய்ய?” என்று அவர் பின்னாலேயே வந்து புலம்பினார். இத்தனை வருசத்தில் நான் கெட்ட வார்த்தை பேசியது அன்றைக்கு மட்டும்தான். சுடலைமுத்து விசயம் என்னவென்று மும்தாஜிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, கூலி பேசாமல் கூடவே நின்று கிளை அறுத்துக் கொடுத்தார். இளங்கிளையாகப் பார்த்து நறுக்கி, ஈரச்சாக்கில் சுற்றி, சாக்குக்கு நடுவில் ஐஸ் வைத்து, நான்கு மூட்டை கட்டினோம். எல்லாம் மீன் வாடை அடித்தது.

பின்னால் நடந்ததை இப்போதே சொல்லிவிடுகிறேன். அத்தனை கிளையில் வேர் விட்டது ஒன்பது. அதில் கோடை தாண்டி நிலைத்தது ஐந்து. கம்பிவலைக்குள் நிற்கிறதே, அவைதான். தாய்மரம் நின்ற இடத்தில் இப்போது குடிலின் தூண் நிற்கிறது, அடிக்கட்டை துளிர்க்கவும் வழி இல்லாமல் சிமெண்ட் போட்டு மூடிவிட்டார்கள். முந்நூறும் ஆண் மரம், தவறு என்னுடையது என்று நம் நிறுவன இயக்குநருக்கு எழுதினேன். கம்பெனிக்காரர்கள் சரிவில் தங்கள் பெயர் போட்டு வைத்திருந்த பலகையைக் கழற்றிக்கொண்டு போனார்கள், என் சால்வையைத் திருப்பிக் கேட்கவில்லை. ஐந்து மரமும் போன சாரலில்தான் முதன்முதலாக நன்றாகப் பழுத்தது. அந்த விதைதான் பாத்தியில் கிடக்கிறது. மண்வெட்டிக்காரர் இதை இன்னொரு தடவை படித்துக்கொள்ளட்டும்.

தவறு செய்யாதீர்கள் என்று உங்களுக்குச் சொல்ல நான் இதை எழுதவில்லை. செய்யத்தான் செய்வீர்கள். தப்பான மரத்தில் கிளை வெட்டியது அறியாமை, அதை என்னால் ஜீரணிக்க முடிகிறது. தெரிந்த பிறகு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேனே, அதுதான் ஜீரணமாகவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் மூட்டைகளோடு அதே ஜீப்பில் இறங்கினோம். சுடலைமுத்துவும் எங்களோடு ஏறிக்கொண்டார். அவருக்கும் மனது கனத்துப் போயிருந்தது. கொஞ்ச தூரம் வந்ததும் தானாகவே பேச ஆரம்பித்தார்.

“நான் காலையிலயே கயித்தைக் கட்டிட்டேன் அண்ணாச்சி. ஆனா ஜீப்பு வரட்டும், சாமான் இறக்கின பெறவு அறுக்கலாம்னு டீயைக் குடிச்சிக்கிட்டு உக்காந்துதான் இருந்தேன். பாதையில மரம் விழுந்துட்டுன்னா வண்டி வர முடியாதுலா. பாத்தேன், பாத்தேன், வண்டியைக் காணல. சரி, இன்னைக்கு வராது போலன்னு எந்திரிச்சு மிஷினைப் போட்டேன்.” பிறகு டிரைவர் பக்கம் திரும்பி, “ஏலே, தெனமும் மணி அடிச்ச மாதிரி வருவியே. இன்னைக்கு எங்கன போய்த் தொலைஞ்ச?” என்று கேட்டார்.

டிரைவர் கண்ணாடி வழியாக என்னை ஒரு தடவை பார்த்தார். “டயர் பஞ்சர் அண்ணே” என்றார்.

மும்தாஜ் மடியில் இருந்த மூட்டையைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சும்மா இருந்திருந்தால் அது பஞ்சராகவே போயிருக்கும்.

“டயரெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் வண்டியை நிறுத்தி வச்சேன்” என்றேன்.

“எதுக்கு அண்ணாச்சி?”

“வெட்டாதன்னு உனக்குக் கடுதாசி எழுத.”

சுடலைமுத்து என் பக்கம் திரும்பினார். “எனக்கா? வாயால ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமே அண்ணாச்சி” என்றார்.